வீட்டைக் கட்டியவர் மின்கம்பியையும் அறிக

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்பது பெரியோர் வாக்கு. சங்கத்தில் கடன் பெற்று வீடு கட்டும் அங்கத்தினர்கள், அஸ்திவாரம், சுவர், கூரை ஆகியவற்றைத் தாமே அருகில் நின்று கவனிக்கிறார்கள். மின்கம்பி இழுக்கும் வேலை தொடங்கியதும், அது நமக்குத் தெரியாத வித்தையென்று விலகிவிடுகிறார்கள். சுவருக்குள் மறைந்துபோகும் அவ்வேலையில் நேரும் பிழை உயிரையே வாங்கக்கூடியது. ஆதலால் அதைப்பற்றிச் சில விஷயங்களை விளக்க விரும்புகிறேன்.

முதலாவது சட்டம். புதிதாகக் கம்பி இழுக்கும் வேலையை, லைசென்சு பெற்ற கண்டிராக்டர் மூலம், தகுதிச் சான்று பெற்றவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டுமென்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் கூறின. பின்னர் 2010-லும் 2023-லும் வந்த ஒழுங்குமுறைகளும் அக்கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை. பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே விலக்குண்டு. அப்படியானால் வீட்டார் கற்க வேண்டியது என்னவெனில், வேலையைப் புரிந்துகொண்டு மேற்பார்க்கும் அறிவேயாகும்.

தம் கையாலேயே வீடு கட்டிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். "கல்லும் மண்ணும் சுமந்த கைதான் அண்ணே; எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று அவ்வீட்டு அம்மாள் வயர்மேனிடம் கேட்டார். அவர் இசைந்தார். சுவரில் காடி எடுப்பதும் பூசுவதும் தகப்பனாரும் மகனும் செய்தனர். கம்பி இழுத்து முடிச்சுப் போடுவதை வயர்மேனே செய்தார். எந்தக் குழாய் எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் செல்கிறதென்பதை மகள் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்தாள். அவர்கள் கற்ற பாடங்கள் மூன்று.

1. கம்பியின் தாங்குசக்தி

சாமானில் குறித்துள்ள வாட் எண்ணை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். ஹீட்டர் போன்றவற்றிற்கு 2.5 அல்லது 4 வேண்டும். எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பான், கம்பி சூடேறி எரியாமல் காப்பதற்காக வைத்தது. அது அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் வைப்பது, சுவருக்குள் நெருப்பை அடைத்து வைப்பதற்குச் சமானம்.

2. எர்த்தும் கசிவுக் காவலும்

சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. சுவிட்சு எப்போதும் சிவப்புக் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். கறுப்பில் வைத்தால், விளக்கு அணைந்த பின்பும் அதன் முனையில் மின்சாரம் நிற்கும். எர்த்துக் குழாய் சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ளதாய், கட்டடத்திற்கு 1.5 மீட்டராவது அப்பால், ஈரமான மண்ணில் இறங்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால், எம்.சி.பி. விழுமளவு மின்சாரம் பூமிக்குள் ஓடாமற்போகலாம். ஆகையால் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று அவசியம். அதிலுள்ள சோதனைப் பித்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

3. மின்சாரம் வருமுன் சோதனை

இணைப்புக் கிடைக்குமுன் 500 வோல்ட் மெக்கர் கருவியால் ஒவ்வொரு சுற்றையும் சோதித்தல் வேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் குறையலாகாது. மேற்கூறிய வீட்டில் மற்றச் சுற்றுகளெல்லாம் தேறின. அடுக்களைச் சுற்றில் மட்டும் முள் பூஜ்யத்தண்டை நின்றது. மகள் நோட்டைக் கொண்டுவந்து நாடாவால் அளந்து பார்த்தாள். தோசைக்கல் மாட்டுவதற்கென்று அம்மாள் முதல்நாள் அடித்த ஆணி, குழாய் செல்லும் வழியிலேயே இருந்தது. அதைப் பிடுங்கிக் கம்பியை உருவிப் பார்த்ததில், சிவப்புக் கம்பியின் உறை கிழிந்திருந்தது. பூச்சு ஈரமாயிருந்தமையால் கசிவு மெக்கரில் புலப்பட்டது. சோதியாமல் மின்சாரம் விட்டிருந்தால், மறுநாட் காலை அந்தத் தோசைக்கல்லை எடுக்கச் சென்றிருக்கும் கை அந்த அம்மாளுடையதே. கம்பியை மாற்றி மறுபடி சோதித்த பின்னரே இணைப்புக்கு விண்ணப்பித்தனர்.

வீடு கட்டும் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லுவது இதுதான். பூச்சு வேலைக்கு முன் குழாய் வழிகளை அளந்து வரைந்துகொள்ளுங்கள். மெக்கர் சோதனையை அருகிலிருந்து பார்த்து, அதன் அளவுகளை எழுதி வாங்குங்கள். அவ்விரண்டு தாள்களையும் வீட்டுப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் சுவரில் ஆணி அடிக்க நினைக்கும் உங்கள் பிள்ளைகள், முதலில் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கட்டும்.