கணினி கண் திறக்க மறுத்தால்

தைப்பூசத்திற்கு முதல் நாள் மாலை. சிராங்கூன் சாலையருகே எங்கள் தொண்டர் குழுவின் கணினி இயங்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. அன்னதான நன்கொடையாளர் பட்டியல் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அன்று கற்ற பாடத்தை அன்பர்களுக்குச் சொல்கிறேன். மின்சாரம் வரும் வழியிலேயே நாமும் தேடிச் செல்ல வேண்டும்.

முதலில், அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால் சுவரில் குறையில்லை. அடுத்து, நம் மூன்று கால் பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். பிறகு, பெட்டியின் பின்புறச் சிறு சுவிட்சைக் கவனியுங்கள். சில பழைய கணினிகளில் 115, 230 என்ற தெரிவும் உண்டு. சிங்கப்பூரில் 230 வோல்ட். 115-இல் வைத்து இயக்கினால் பவர் சப்ளை கெட்டுவிடும்.

இத்தனைக்கும் பின் அசையாவிட்டால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அதை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பவர் சப்ளை பழுதானாலும் ஹார்ட் டிஸ்க்கிலுள்ள விவரங்கள் பெரும்பாலும் அழிவதில்லை.

எங்களுக்கு நேர்ந்தது என்ன? அறையைச் சுத்தம் செய்தபோது பின்புறச் சுவிட்ச் அணைந்திருந்தது, அவ்வளவே! பட்டியல் கிடைத்தது, அன்னதானமும் குறைவின்றி நடந்தது.

அன்றிலிருந்து பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வைக்கிறோம். கொடுத்தவர் பெயரைக் காப்பதும் தொண்டுதானே!