காட்டுக் குதிரைவாலி: களையாக வளரும் தீவனம்

காவிரியின் வடகரையில், வாழைக்கும் வெற்றிலைக்கும் கோரைக்கும் பெயர்பெற்ற தொட்டியம் போன்ற பாசனப் பகுதிகளில், வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் இளவாழையின் ஈரமான இடைவெளிகளிலும் விதைப்பாரின்றி முளைக்கும் காட்டுக் குதிரைவாலி, ஓராண்டுப் புல் வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரே பருவத்தில் முளைத்து, கதிர்விட்டு, விதை உதிர்த்து மடிந்துவிடுவது. 1759இல் லின்னேயஸ் இதனைப் பானிக்கம் என்னும் பேரினத்தில் வைத்து விவரித்தார்; 1833இல் லிங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் எக்கைனோகுளோவா பேரினத்துக்கு மாற்றினார். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிராகும் குதிரைவாலிக்கு மூதாதையாக இதுவே கருதப்படுகிறது. பயிரினத்தில் மணி முற்றிய பின்னும் கதிரிலேயே தங்கியிருக்க, காட்டினத்தில் முற்ற முற்ற உதிர்ந்துவிடுவதுதான் இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு.

நெல் நாற்றுகளுக்கிடையே இதனைப் பிரித்தறிய, இலையும் தண்டைச் சுற்றிய இலையுறையும் சேரும் இடத்தைப் பார்த்தாலே போதும்: அங்கே நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு, இதற்கு இல்லை. சோளத்தைப் போலவே இதுவும் நாற்கரிமத் தாவரம், அதாவது கரியமில வாயுவை முதலில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட சேர்மமாக நிலைப்படுத்துவது. அதனால் கடும் வெயிலிலும் வேகமாக வளர்ந்து நெல்லின் உரத்தையும் ஒளியையும் பறித்துக்கொள்கிறது என்பதால், உழவரின் வெறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆயினும் பிடுங்கிய புல்லை வரப்பில் காயவிடுவது வீண். தண்டு மென்மையாகவும் சாறுள்ளதாகவும் இருக்கும் இளம்பருவத்தில் மாடும் வெள்ளாடும் செம்மறியும் இதனை விரும்பித் தின்கின்றன. கதிர்விட்ட பின் நார் மிகுந்து, புரதமும் செரிமானத் தன்மையும் குறைந்துவிடுவதால், பூக்கும் முன் அறுப்பதே நல்லது. முற்றியதோ பறவைகளுக்கு உரியது. மண்ணில் உதிர்ந்த மணிகளைக் காடையும் கவுதாரியும் பொறுக்க, சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் கதிரிலேயே தொற்றிக்கொண்டு கொறிக்கின்றன. தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுவதால், வெட்டுக்கிளியும் புழுவும் தங்கும் புல்வரப்பு அதற்கு இருவகையில் பயன்படுகிறது. சாகுபடி நிலத்தில் விதை உதிர விட்டால் அடுத்த பருவக் களைக்கு உழவரே வித்திட்டவராவார் என்பதால், பறவைகளுக்கென விடுவதைப் பயிரிலிருந்து விலகிய குளக்கரைகளோடும் தரிசுகளோடும் நிறுத்திக்கொள்வது நலம்.

தழைச்சத்து உரம் தாராளமாக இடப்படும் வாழைத் தோட்டங்களில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அங்கு வளர்ந்து, பின் நீரின்றி வாடிய புல்லில் நைட்ரேட் தேங்கக்கூடும். அது மாட்டின் அசையிரைப்பையில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, அளவு மிகுந்தால் உயிரையே பறித்துவிடும். ஆகவே வாடிய புல்லைப் பசித்த மாட்டுக்கு ஒரேயடியாகப் போடாமல், வைக்கோலோடு கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த தோட்டத்துப் புல்லையோ தீவனமாகக் கருதவே கூடாது.