பள்ளியில் எழுதிய பரீட்சை கல்லூரியில் செல்லுமா?

பொங்கல் விழாவோ நவராத்திரி கொலுவோ, நாம் நாலு குடும்பங்கள் ஒன்று கூடினால் சற்று நேரத்தில் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்கு வந்துவிடுகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே நிலபுலன் கிடையாது. பிள்ளைகளின் படிப்புதான் சொத்து. அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் 'ஏ.பி.'. "பள்ளியில் படிக்கும்போதே ஏ.பி. எழுதிவிட்டால் அமெரிக்காவில் ஒரு வருடப் படிப்பு மிச்சமாமே!" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் சும்மா. பெரிய கல்லூரிகள் அதைச் சீந்துவதே இல்லை" என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நம் சேமிப்பும் பிள்ளையின் உழைப்பும் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகையால், முழு உண்மையையும் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி வந்தது இந்தத் தேர்வு?

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர்களுக்கு ஒரு கவலை ஏற்பட்டது. நல்ல பள்ளிகளில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள், கல்லூரியின் முதலாண்டில் ஏற்கெனவே படித்ததையே திரும்பவும் படித்துக் காலத்தை வீணாக்குகிறார்களே என்பதுதான் அது. ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியுடன் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சில பள்ளிகளும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. அதன் விளைவாகப் பிறந்ததே 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்னும் ஏ.பி. திட்டம். 1955இல் 'காலேஜ் போர்டு' அமைப்பு இதன் பொறுப்பை ஏற்றது. 1956இல் 11 பாடங்களில் தேர்வு நடந்தது. இன்று ஏறத்தாழ 40 பாடங்கள் உள்ளன.

ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில் மட்டுமே தேர்வு நடக்கும். ஜூலையில் முடிவு வரும். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் கிடையாது. 1 முதல் 5 வரை ஒரே ஓர் எண்தான் தருவார்கள். 5 என்றால் மிகச் சிறந்த தகுதி. 3 என்றால் தகுதி உண்டு. 1 என்றால் பரிந்துரை ஏதும் இல்லை. 2011 முதல் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பழகிய நம் பிள்ளைகள் தெரியாத கேள்வியை விட்டுவிடும் வழக்கத்தை இங்கே மறக்க வேண்டும்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'பிளேஸ்மென்ட்' என்றால் இடம் கொடுத்தல். தெரிந்ததை மறுபடி படிக்க வைக்காமல், மாணவனை ஒரு படி மேலே அமர்த்துவதே இதன் முதல் நோக்கம். கட்டணம் குறைவது அதனால் வரக்கூடிய ஒரு பலன். இந்த வரிசை நம் மனத்தில் தலைகீழாகிவிடும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

கிரெடிட் கணக்கு

அமெரிக்காவில் பட்டப்படிப்பைக் கிரெடிட் என்னும் அலகால் அளக்கிறார்கள். ஸெமஸ்டர் முறைக் கல்லூரிகளில் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். நான்கு ஆண்டு, எட்டு ஸெமஸ்டர். ஆக ஒரு ஸெமஸ்டருக்கு 15. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 கிரெடிட். ஏ.பி. தேர்வில் நல்ல எண் வாங்கியிருந்தால், அதற்கு ஈடான பாடத்தைப் படித்து முடித்ததாகவே கருதி, அந்தக் கிரெடிட்டை மாணவனின் கணக்கில் சில கல்லூரிகள் வரவு வைக்கும்.

இங்கே பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கிரெடிட்டுக்கு ஆயிரம் டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு தேர்வில் 6 கிரெடிட் கிடைத்தால் ஆறாயிரம் டாலர் லாபம் என்று தோன்றும். ஆனால் பல கல்லூரிகளில் முழுநேர மாணவருக்கு ஒரு ஸெமஸ்டருக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம்தான். 12 கிரெடிட் படித்தாலும் 16 படித்தாலும் அதே தொகை. மேலும் மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகள், இளங்கலையில் ஒவ்வொரு ஸெமஸ்டரும் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். கடைசி ஸெமஸ்டர் போன்ற சில சந்தர்ப்பங்களில்தான் விலக்கு. ஆகவே ஒரு முழு ஸெமஸ்டரே குறைந்தால்தான் கையில் பணம் மிஞ்சும். அதற்கு ஏறத்தாழ 15 கிரெடிட் வேண்டும். அவையும் பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் இருக்க வேண்டும். எஞ்சினீயரிங் படிக்கும் பையனுக்கு உளவியலில் கிடைத்த 3 கிரெடிட் அலங்காரமாக நின்றுவிடலாம்.

அப்படியானால் ஒன்றிரண்டு தேர்வால் பயனே இல்லையா? உண்டு. முதலாண்டுக் கணிதத்திலிருந்து விலக்குப் பெற்ற மாணவி இரண்டாம் நிலைக் கணிதத்தில் நேராகச் சேரலாம். கிடைத்த இடத்தில் இன்னொரு துறையைத் துணைப்பாடமாக எடுக்கலாம். ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பேராசிரியரிடம் வேலை கற்கலாம். பணத்தை மிச்சப்படுத்தாவிட்டாலும் காலத்தை மிச்சப்படுத்தும்.

கல்லூரிக்கு ஒரு விதி

தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு. கிரெடிட் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரி. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் 3 அல்லது அதற்கு மேல் வாங்கிய பெரும்பாலான தேர்வுகளுக்குக் கிரெடிட் தருகிறது. ஆனால் அந்தக் கிரெடிட் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அதன் ஒவ்வொரு வளாகமும் துறையும் தனியாக முடிவு செய்யும். எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பெரிய தேர்வில் 5 வாங்கினால் முதல் ஸெமஸ்டர் கால்குலஸுக்குக் கிரெடிட் உண்டு; 4 வாங்கினால் இல்லை. டார்ட்மவுத் கல்லூரி 2014இல் சேர்ந்தவர்களிலிருந்து பட்டத்துக்கான கிரெடிட் கொடுப்பதை நிறுத்திவிட்டது; மேல்நிலைப் பாடத்தில் இடம் மட்டும் தருகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்திலும் ஏ.பி. எண்ணைப் பட்டத்துக்கான கணக்கில் சேர்ப்பதில்லை. கால்டெக்கும் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதில்லை.

பொதுவாகச் சொன்னால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் தாராளம். மிகப் பெயர் பெற்ற தனியார் கல்லூரிகள் கறார். "அமெரிக்காவில் ஏ.பி. செல்லும்" என்பதும் "செல்லாது" என்பதும் ஒரு கல்லூரியின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் உள்ள வாக்கியங்கள்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிறகுதான். அதில் சேர வேண்டிய உயிரியல், வேதியியல் பாடங்களைக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் கேட்கின்றன. ஏ.பி. கிரெடிட்டை நம்பி அவற்றை விட்டுவிட்டால் பின்னால் திண்டாட்டம்.

பிளஸ் டூ மார்க்குக்கு ஏன் இல்லை?

"எங்கள் பெண் ஸி.பி.எஸ்.இ.யில் கணிதத்தில் 98 வாங்கியிருக்கிறாள். அதற்கு ஏன் கிரெடிட் இல்லை?" என்று கேட்பது நியாயமே. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் நம் பிளஸ் டூவைப் பள்ளியிறுதிப் படிப்பாக மட்டுமே பார்க்கின்றன. ஏ.பி. என்பது கல்லூரி முதலாண்டுப் பாடத்தை அளப்பதற்கென்றே வைத்த தேர்வு. பிரிட்டனில் 1951இல் வந்த 'ஏ லெவல்' தேர்வுக்கும், 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய இண்டர்நேஷனல் பாக்கலாரியேட்டின் மேல்நிலைப் பாடங்களுக்கும் பல கல்லூரிகள் இதே போலக் கிரெடிட் தருகின்றன. ஆனால் அந்தப் பள்ளிகளின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஏ.பி.யில் உள்ள வசதி, எந்தப் பள்ளியில் படித்தாலும் தேர்வை மட்டும் தனியாக எழுதலாம் என்பதே. கேந்திரிய வித்யாலயா மாணவனும் எழுதலாம்.

நம் நாட்டில் இப்படி ஒரு வழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் எஞ்சினீயரிங்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வது நமக்குத் தெரிந்ததே. அதுவும் முன்பு படித்ததற்குக் கொடுக்கும் மரியாதைதான். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிக் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க ஒரு 'கிரெடிட் வங்கி'க்கு விதி வகுத்தது. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் திட்டம் பள்ளிப் படிப்பையும் கிரெடிட் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் பிளஸ் டூ கணித மார்க்கைக் காட்டி பி.எஸ்ஸி. முதலாண்டுக் கணிதத்திலிருந்து விலக்குப் பெறும் வழக்கம் இங்கே இல்லை.

நம் பிள்ளைகளுக்கு எது எளிது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கால்குலஸ் பழகிய களம். இதில் இரண்டு தேர்வுகள் உண்டு. சிறிய தேர்வின் பெரும்பகுதி நம் பாடத்திட்டத்திலேயே வந்துவிடுகிறது. 'பி.சி.' என்னும் பெரிய தேர்வு கல்லூரியின் இரண்டு ஸெமஸ்டருக்கு ஈடானது. அதில் வரும் முடிவிலாத் தொடர்கள் போன்றவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். தேர்வின் ஒரு பகுதியில் வரைபடம் போடும் கால்குலேட்டர் தேவைப்படும். கால்குலேட்டரைத் தொடாமலே போர்டு பரீட்சை எழுதும் நம் பிள்ளைகள் அதில் கை பழகிக்கொள்ள வேண்டும். விடை சரியாக இருந்தால் போதாது. ஏன் சரி என்பதையும் வாக்கியமாக எழுதச் சொல்வார்கள்.

கடினம் எது என்றால், காலண்டர்தான். பிப்ரவரி, மார்ச்சில் போர்டு பரீட்சை, ஏப்ரலில் ஜே.இ.இ.; மே மாதத்தில் நீட், கியூட். அதே மே மாதத்தில் ஏ.பி. எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றினால் எதுவுமே உருப்படியாக நடக்காது. இன்னொன்று: பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் எழுதும் தேர்வின் முடிவு, கல்லூரி அட்மிஷன் முடிந்த பிறகே வரும். அது கிரெடிட்டுக்கு உதவும், அட்மிஷனுக்கு உதவாது. விண்ணப்பத்திலும் காட்ட வேண்டுமானால் பதினோராம் வகுப்பு மே மாதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கால்குலஸை அதற்குள் முடிக்க முடியாதவர்கள் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் போன்ற வேறு பாடத்தை யோசிக்கலாம். அதில் ஜாவா மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் ஆசிரியரின் கதை

இந்தத் தேர்வின் வரலாற்றில் நாம் அறிய வேண்டிய ஒரு பெயர் ஹைமே எஸ்கலான்டே. தென்னமெரிக்காவின் பொலிவியாவில் ஆசிரியராக இருந்தவர். 1960களில் அமெரிக்காவில் குடியேறி, உணவுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி படித்து, 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு பள்ளியில் கணித ஆசிரியரானார். மாணவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் எழுதினார்கள். 18 பேரும் தேறினார்கள். உடனே சந்தேகம் வந்துவிட்டது. 14 பேரின் விடைத்தாள்களைத் தேர்வு நடத்தியவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். அவர்களில் 12 பேர் மறுபடி எழுதினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் மறுபடியும் தேறினார்கள். 1988இல் இது திரைப்படமாகவும் வந்தது.

படத்தைப் பார்த்தால் ஒரே வருடத்தில் நடந்த அற்புதம் போலத் தோன்றும். உண்மையில் அவர் முதல் கால்குலஸ் வகுப்பைத் தொடங்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. அடிப்படைக் கணிதத்தைக் கெட்டிப்படுத்தி, கோடை விடுமுறையிலும் வகுப்பு வைத்து, படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். அதனால்தான் இரண்டாம் முறை எழுதச் சொன்னபோதும் அந்தப் பிள்ளைகள் கலங்கவில்லை. பிழைப்புக்காக வேற்றூர் வந்த குடும்பங்களாகிய நமக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

பெற்றோர் செய்யவேண்டியவை

முதலில், பிள்ளை எந்தத் துறைக்குப் போக விரும்புகிறது என்று கேளுங்கள். பிறகு மனத்தில் உள்ள ஐந்தாறு கல்லூரிகளின் ஏ.பி. விதிகளைப் படியுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை எண் வேண்டும், கிடைப்பது கிரெடிட்டா, மேல்நிலைப் பாடத்தில் இடமா, இரண்டும் உண்டா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று வருடத்துக்கு முன் பெற்றது உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

துறைக்குப் பொருந்தும் இரண்டு அல்லது மூன்று தேர்வு போதும். அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 100 டாலர் கட்டணம். வெளிநாட்டில் எழுதுவோருக்கு அதைவிடக் கூடுதல். பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். தீபாவளிக்கு முன்பாகவே தேர்வு மையத்தை விசாரித்துவிடுங்கள். எண்ணைக் காலேஜ் போர்டே நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். நாம் எடுத்துப் போகும் ஜெராக்ஸ் செல்லாது.

கடைசியாக ஒன்று. கிரெடிட் கிடைத்துவிட்டதாலேயே அந்தப் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அஸ்திவாரம் ஆடுகிறது என்று பிள்ளைக்குத் தோன்றினால், முதலாண்டுப் பாடத்தையே படிக்கட்டும். மேல் வகுப்பில் தடுமாறி விழுவதைவிட அது எவ்வளவோ மேல். "எத்தனை கிரெடிட் மிச்சம்?" என்று நாம் கேட்பதற்கு முன்னால், "உனக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்போம். பிள்ளை தயங்காமல் 'தெரியும்' என்றால், தாராளமாகப் பரீட்சைக்குப் பணம் கட்டலாம்.