திருக்கயிலாய யாத்திரை: புறப்படுமுன் அறிய வேண்டுவன

சைவ அன்பர்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்ணாரக் காண விழைவது திருக்கயிலாய மலை. இமயத்திற்கு அப்பால், திபெத்தின் மேற்குப் பகுதியில், மரஞ்செடியற்ற வறண்ட பீடபூமியில் 6,638 மீட்டர் உயர்ந்து நிற்பது அது. அதன் தென்பால் உள்ள மானசரோவர் ஏரியே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டரே என்பதை ஒப்புநோக்குக.

2020 முதல் தடைப்பட்டிருந்த இந்த யாத்திரை 2025 ஜூன் திங்களில் மீண்டும் தொடங்கியது. அது முதல், "ஐயா, போய் வரலாமா?" என்று வினவுவோர் பலர். பக்தி இருந்தால் போதும் என்னும் விடையையே அவர்கள் எதிர்பார்க்கின்றனர். யான் அவ்வாறு கூறுவதில்லை.

நடுவண் அரசின் வெளியுறவு அமைச்சகம் உத்தராகண்டத்தின் லிபுலேக் கணவாய் வழியாகவும், சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாகவும் அன்பர்களை அனுப்புகின்றது. இரண்டும் ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். அகவை 18 முதல் 70 வரை இருத்தல் வேண்டும். உடல் எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 25-ஐ மிகலாகாது. தில்லியில் மருத்துவச் சோதனை உண்டு; வழியில் மலைமேல் மீண்டும் ஒரு சோதனை உண்டு. ஆதலின் ஆறு திங்களுக்கு முன்பே நாள்தோறும் நடைப்பயிற்சி தொடங்குக. கடவுச்சீட்டின் காலத்தையும் அப்போதே பார்த்துக்கொள்க.

மலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. இரண்டாம் நாள் ஏறவேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியே. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க நேரும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன முதல் அறிகுறிகள். அவை தோன்றின் மேலேறாது தங்குதல் வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, அக்கணமே தாழ்விடத்திற்கு இறங்குதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்குக் கேடு. உறக்க மாத்திரையை அவ்விடத்தில் தொடவே கூடாது.

இவ்வளவும் அறிந்தவரும் தலைவலியை மறைக்கின்றனர். காரணம், வெட்கம். என்னிடம் பயின்ற ஆசிரியர் ஒருவரை, குருதி அழுத்தம் மிகுந்ததென்று பாதி வழியில் மருத்துவர் திருப்பி அனுப்பினார். ஊர் திரும்பிய அவர் ஒரு திங்கள் வெளியே தலைகாட்டவில்லை. மாலை மரியாதையுடன் வழியனுப்பிய ஊராரிடம் என்ன சொல்வது என்பதே அவர் கவலை. (வழியனுப்பு விழாக்களைச் சுருக்கிக்கொள்வது நன்று.)

"அப்பர் பெருமான் திரும்ப மறுத்தாரே?" என்று சிலர் வாதிப்பர். உண்மையே. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து சென்ற அவரை முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிச் செல்லுமாறு கூறியபோது அவர் உடன்படவில்லை என்பது பெரியபுராணம். ஆயின் வாதிப்போர் கதையை அவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். இறைவன் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்று பணித்தபோது, அவர் மறுசொல் இன்றி மூழ்கினார். அவர் கயிலைக் காட்சி கண்டது காவிரிக் கரையில், பனிமலையில் அன்று.

இன்னும் ஒன்று. வலம் வருவோர் முதல் நாள் இரவு தங்கும் இடம் திராபுக். மலையின் வடமுகம் அங்கிருந்து மறைப்பின்றித் தெரியும். உடல் இடங்கொடாதவர் அங்குத் தரிசித்து, வந்த வழியே தார்ச்சேன் ஊருக்குத் திரும்பிவிடலாம்; பலர் அவ்வாறே செய்கின்றனர். டோல்மா கணவாயை ஏறுவதா இல்லையா என்பதைத் திராபுக்கில், அன்றைய உடல்நிலை கண்டு முடிவு செய்க. வீட்டிலேயே சூளுரைத்துப் புறப்படாதீர்.

எழுபதைக் கடந்துவிட்ட எனக்கு அரசு யாத்திரையில் இடமில்லை. உடல் வலுவிருந்த நாளில் பணிச்சுமையைக் காரணங்காட்டி ஒத்திப்போட்டேன். அது என் பிழை. இப்போது ஆடி அமாவாசைதோறும் திருவையாறு சென்று, ஐயாறப்பர் திருக்கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி விழாவைக் கண்டு வருகின்றேன். அன்று கூட்டம் மிகுதி. முதியோர் பகலிலேயே சென்று அமர இடம் பார்த்துக்கொள்க.