அம்மா அறை ஏர்கோன்

வானொலியில் மதியம் 12 முதல் 4 வரை என் நிகழ்ச்சி. மார்ச், ஏப்ரல் வந்தால் வெப்ப எச்சரிக்கை வாசிப்பதும் என் வேலையில் சேர்ந்துவிடும். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் முதல் நிலை. 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. "தண்ணீர் நிறைய குடிங்க, வீட்டில் இருக்கும் பெரியவங்களைப் பார்த்துக்கங்க நேயர்களே" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போவேன்.

அப்படிச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய ஒரு நாள், அம்மா கட்டிலில் வியர்வையில் நனைந்து கிடந்தார். எழுந்து உட்காரச் சொன்னேன். தலை சுற்றுகிறது என்றார். மேலே காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் கீழே வந்தது அனல்தான். சுவரில் இருந்த 1 எச்பி ஏர்கோன் சும்மா கிடந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார் கிளினிக் டாக்டர். வயதாக ஆக, தாகம் எடுப்பதே சரியாகத் தெரியாதாம்.

"ஏம்மா போடல?"

"பில்லு யாரு கட்டுறது?"

அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடி, அதில் விளக்கு எரிந்த காலம். விருந்தாளி வந்தால்தான் ஏர்கோன் என்பது அவருடைய சட்டம். அதை வாதாடி மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் அவரைக் கேட்காமலே ஒரு வேலை செய்தேன்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்குச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் தானாகக் குறைந்துவிடும். நம் வீட்டு ஏர்கோனிலும் தெர்மோஸ்டாட் உண்டு, பெட்டிக்குள்ளேயே. நேரம் குறிக்க ரிமோட்டில் டைமரும் இருக்கிறது. ஆனால் எங்கள் ரிமோட்டில் அதைத் தினமும் புதிதாக வைக்க வேண்டும். அதை யார் செய்வார்கள்? உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று வாங்கினேன், நூறு வெள்ளிக்குள். வைஃபையோடு இணைத்து, ஏர்கோன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால், ரிமோட் செய்வதை எல்லாம் அது செய்யும். கைப்பேசியில் வாரம் முழுவதற்கும் நேரம் பதிந்துவிடலாம். (பிளக்கில் செருகும் சிறிய ஸ்மார்ட் சுவிட்சை ஏர்கோனுக்குப் போடாதீர்கள். அது தாங்கும் மின்சாரம் வேறு, ஏர்கோன் இழுப்பது வேறு.)

மதியம் 1 முதல் 3 வரை, 27 டிகிரி. பதிந்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் காலி அறையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா 1 மணி வரை சமையலறையில். அப்புறம் ஹாலில் நாடகம். அறைக்கு வந்து படுப்பது மூன்று மணிக்கு, சரியாக ஏர்கோன் நிற்கிற நேரம். ஒரு நாள் சீக்கிரம் வந்தவர், தானாக ஓடுவதைப் பார்த்து ரிமோட்டை எடுத்து அணைத்திருக்கிறார். அது என் கைப்பேசிக்குத் தெரியாது. இந்தப் பெட்டி உத்தரவு அனுப்புமே தவிர, ஏர்கோன் கேட்டதா இல்லையா என்று பார்க்காது. திரையில் 'ஓடுகிறது' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"அறையில பேய் இருக்கு, மத்தியானம் ஏர்கோன் போடுது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். தொடர்புத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். எத்தனை மணிக்குப் படுப்பீங்க என்று அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குக் காட்டினேன். அறை குளிர்ந்த பிறகு எங்கள் ஏர்கோன் மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் ஏறக்குறைய 44 சென். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது.

"ஒரு தே தாரிக் காசுகூட இல்லையா?" என்றார். நம்பவில்லை. பில்லைக் கொண்டுவரச் சொன்னார்.

பில்லைப் பார்த்தபோதுதான் உண்மையான திருடர்கள் மேல் மாடியில் இருப்பது புரிந்தது. நானும் கணவரும்தான். அவருக்கு 16 டிகிரி வேண்டும், சீக்கிரம் குளிருமாம். சாதாரண ஏர்கோனில் 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிர்கிற வேகம் ஒன்றுதான். 16 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. அறையின் வெப்பத்தை அளக்கிற உணரியும் கூரைக்குப் பக்கத்தில், ஏர்கோனுக்குள் இருக்கிறது. கட்டிலில் போர்வைக்குள் நடுங்குவது அதற்கு எப்படித் தெரியும்? மகன் அறையில் இன்னும் மோசம். அவன் ஆறரைக்குப் பள்ளிக்குக் கிளம்பிய பிறகும் ஒன்பது மணி வரை ஓடிய நாள்கள் உண்டு.

இப்போது மேல் மாடி அறைகளிலும் அதே பெட்டி. இரவு 10.30க்கு 24, நள்ளிரவுக்கு மேல் 26, காலை 5.30க்கு நின்றுவிடும். முதல் வாரம் கணவர் முணுமுணுத்தார், பிறகு தூங்கிவிட்டார். 640 யூனிட்டாக இருந்த பில் 580க்கு இறங்கியது, அம்மா அறையையும் சேர்த்து. 600க்குக் கீழே வந்தால் இன்னொரு லாபம்: மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது, 600க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கான சேவை வரியும் கிடையாது. அந்த 10 வெள்ளியைத்தான் அம்மா விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அவர் அறையின் நேரத்தை அவரே சொன்னார். 2.45க்குத் தொடங்கி 5.15க்கு நிற்கணும். 27 குளிருது, 28 போதும், காற்றாடியும் கூட ஓடணும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதால் வேண்டாம்.

போன வாரம் நிகழ்ச்சிக்கு நடுவே வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வந்தது. "இங்க நல்ல மழை. அந்தப் பெட்டிகிட்ட இன்னிக்கு வேணாம்னு சொல்லிடு."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினேன்.