துணைமாந்தர் படைப்பு: ‘பால்டர்ஸ் கேட்’ ஆட்டத்தொடரும் தோழி மரபும்

1. முன்னுரை

கதை தலைமக்களால் மட்டும் நடப்பதன்று. தலைமக்களின் நெஞ்சை வெளிப்படுத்தவும், அவர்தம் செயலை இடித்துரைக்கவும், இடர்வந்துழி உடன்நிற்கவும் துணைமாந்தர் தேவைப்படுகின்றனர். தமிழ் அகப்பொருள் மரபு இத்தேவையை நன்குணர்ந்து, தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரை வாயில்களாக வகுத்துள்ளது. இன்று கணினித் திரையில் ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலும் துணைமாந்தரே கதையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றனர். ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் ஆட்டத்தொடரின் மூன்று பகுதிகளிலும் துணைமாந்தர் எவ்வாறு வளர்ந்துள்ளனர் என்பதை ஒப்பிட்டுக் காண்பதும், அவ்வளர்ச்சியைத் தமிழ்ப் பொருளிலக்கணம் கொண்டு விளக்குவதும், இத்தகைய ஆட்டங்களைத் தமிழாக்கும்போது எழக்கூடிய மொழிச்சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. ஆட்டத்தொடர் அறிமுகம்

முதற்பகுதி 1998இலும் இரண்டாம் பகுதி 2000இலும் வெளிவந்தன. இவ்விரண்டையும் கனடா நாட்டு எட்மன்டன் நகரின் பயோவேர் நிறுவனம் உருவாக்கியது. மூன்றாம் பகுதியைப் பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. மூன்றிற்கும் அடிப்படை 1974இல் அச்சு வடிவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டநெறியாகும். ஆடுபவர் தலைமாந்தர் ஒருவரைப் படைத்துக்கொண்டு, வழியில் எதிர்ப்படுவோரைத் துணையாகச் சேர்த்துப் பயணம் செய்வார். முதலிரு பகுதிகளில் தலைமாந்தர் உட்பட அறுவரும், மூன்றாம் பகுதியில் நால்வரும் ஒருசேரச் செல்லலாம்.

3. ஐதராபாத்தில் ஒரு முன்மரபு

துணைமாந்தர் குழுவோடு செல்லும் வீரனின் நெடுங்கதை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1612இல் ஐதராபாத்திற்கு வந்த ஈரானியக் கதைசொல்லி ஹாஜி கிஸ்ஸாக்வான் ஹமதானி, தாம் கொண்டுவந்த அமீர் ஹம்சா கதைச் சுவடிகளைக் கோல்கொண்டா அரசவையில் அளித்து, அரச ஆணையின்படி ‘ஸுப்தத்துர் ருமூஸ்’ என்னும் சுருக்கநூலை இயற்றினார். ‘ருமூஸின் சாரம்’ என்பது அதன் பொருள். பிற்காலத்தில் இக்கதை உருதுவில் பெருகி, இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தின்வழி 46 தொகுதிகளாக விரிந்தது.

இக்கதையின் துணைமாந்தர் மூவர் இங்குக் கருதத்தக்கவர். வில்லாளன் முக்பில் மாறாப் பற்றுடையவன். இலந்தௌர், சரந்தீபம் எனப்பட்ட இலங்கையோடு தொடர்புடைய பேருருவ அரசன். எதிர்த்துப் போரிட்டுப் பின் நண்பனானவன். அமர் அய்யார் சூழ்ச்சியும் நகைச்சுவையும் பொன்னாசையும் மிக்கவன். எத்தனை பொருளை இட்டாலும் நிரம்பாத ‘ஸம்பீல்’ என்னும் பையைச் சுமப்பவன். பற்றாளன், பகைவனாயிருந்து நட்பானவன், சூழ்ச்சியாளன் என்னும் இம்மூவகையும் இற்றைக் கணினி ஆட்டங்களில் அப்படியே காணலாகும். பொருள்களையெல்லாம் அடக்கும் பைகூட அவற்றில் தவறாது இடம்பெறுகின்றது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்பது இதன் கருத்தன்று. நெடும்பயணக் கதைக்கு இவ்வகையினர் இயல்பாகவே தேவைப்படுகின்றனர் என்பதே இவ்வொற்றுமையால் அறியப்படுவது.

4. மூன்று பகுதிகளில் துணைமாந்தர்

4.1 முதற்பகுதி: வகைமாந்தர்

முதற்பகுதியில் சேர்த்துக்கொள்ளத்தக்க துணைமாந்தர் 25 பேர். எண்ணிக்கை மிகுதியாதலின் ஒவ்வொருவர் கூற்றும் மிகச் சுருங்கியது. இவர்கள் தலைமாந்தரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றே: குழு முழுமைக்கும் உரிய நற்பெயர் எண். அது தாழ்ந்தால் நல்லோர் பிரிவர். உயர்ந்தால் தீயோர் பிரிவர். எனினும் இங்கேயே உறவின் பிணைப்பு காட்டப்படுகின்றது. கலீத், ஜஹீரா இருவரும் கணவன் மனைவியர். ஒருவரை நீக்கினால் மற்றவரும் நீங்குவர். மின்ஸ்க் என்னும் வீரன் தான் காக்கவேண்டிய டைனஹீரை மீட்டுத் தருமாறு வேண்டுவான். காலம் தாழ்த்தினால் சினங்கொண்டு உறவை முறித்துக்கொள்வான்.

4.2 இரண்டாம் பகுதி: வரலாறுடைய மாந்தர்

இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே கலீதும் டைனஹீரும் கொல்லப்பட்டுவிடுகின்றனர். ஆடுபவர் முதற்பகுதியில் அவர்களைத் துணைக்கொண்டாரா என்பது பொருட்படுத்தப்படுவதில்லை. ஜஹீரா கைம்மைத் துயரோடும், மின்ஸ்க் கடமை தவறிய நாணத்தோடும் உடன்வருகின்றனர். துணைமாந்தர் தொகை குறைந்து கூற்று பெருகுகின்றது. யோஷிமோ என்பவன் பகைவனின் மந்திரக் கட்டுக்குட்பட்டு உடன்வந்து, இடையில் காட்டிக்கொடுக்கின்றான். ஆடுபவர் அவனோடு பொருதேயாக வேண்டும்; அவன் இறந்தபின் அவனுடைய நெஞ்சைக் கோயிலில் சேர்த்து அவனுக்கு விடுதலை தேடித்தரவும் இயலும். துரோகியும் இரங்கத்தக்கவனாகப் படைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

4.3 மூன்றாம் பகுதி: தலைமையுரிமை பெற்ற மாந்தர்

கதைக்காலத்தில் நூறாண்டுகளுக்கு மேல் கடந்தபின் மூன்றாம் பகுதி நிகழ்கின்றது. ஆஸ்டேரியன், கேல், கார்லாக், லேசெல், ஷேடோஹார்ட், வில் என்னும் அறுவர் முதன்மைத் துணைமாந்தராவர். இவர்களுள் எவரையும் ஆடுபவர் தலைமாந்தராகவே ஏற்று ஆடலாம் என்பது இத்தொடரில் புதிய நெறி. குழுவிற்கு ஒரே எண் என்பது மாறி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனநிறைவு எண் வைக்கப்பட்டுள்ளது. முதுமையெய்திய ஜஹீராவும், கல்லாய்க் கிடந்து உயிர்பெற்ற மின்ஸ்க்கும் மீண்டும் வருகின்றனர்.

5. கூற்றும் மறுத்தலும்

செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பன அடங்கும். யார் கூறுகின்றார், யார் கேட்கின்றார், எவ்விடத்து, எக்காலத்து, என்ன பயன் கருதி என்னும் வினாக்கள் இவற்றுள் அடங்குகின்றன. ஆட்டத்தை எழுதுவோரும் ஒவ்வொரு உரையாடலுக்கும் இவ்வைந்தையே வரையறுக்கின்றனர். கலீத் உயிரோடிருந்தால் ஒரு கூற்று, இறந்தபின் வேறொரு கூற்று. பாசறையில் ஒன்று, போர்க்களத்தில் மற்றொன்று. எனவே இவ்வுரையாடல் அமைப்பை விளக்கத் தமிழில் கருவிச்சொற்கள் இல்லை என்னும் கருத்துப் பொருந்தாது.

வேற்றுமையும் உண்டு. அகத்திணை மாந்தர் இயற்பெயர் கொள்வதில்லை. ஆதலின் தோழி பாட்டுக்குப் பாட்டு மூப்படைவதில்லை; ஒரு பாட்டில் நேர்ந்தது அடுத்த பாட்டில் அவள் நினைவாய் அமைவதில்லை. ஜஹீரா பெயருடையவள், ஆகவே அவளுக்கு இழப்பும் முதுமையும் உண்டு. முதற்பகுதியினர் தோழிபோல் வகைமாந்தராக நின்று, பின்னைய பகுதிகளில் காப்பிய மாந்தர்போல் வரலாறு பெற்றனர் எனலாம்.

துணைமாந்தரின் தகுதியை அறிதற்குச் சிறந்த அளவுகோல் அவர்தம் மறுத்தலாகும். தோழி செவிலியின் மகள். தலைவியின் நலத்தையே தன் நலமாகக் கொண்டவள். ஆயினும் பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனுக்கு அவள் வாயில் மறுக்கின்றாள். களவு நீடித்தால் தலைவனை வரைவு கடாவுகின்றாள்; காலம் நேர்ந்தபோது அறத்தொடு நிற்கின்றாள். பணிபவள் என்பதனால் அன்று, மறுக்கவும் வல்லவள் என்பதனாலேயே அவள் துணை பொருளுடையதாகின்றது. கம்பர் காட்டும் வீடணன் அறம் கருதித் தமையனை நீங்குகின்றான்; கும்பகருணன் தவறென அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கருதி உடன்நின்று மடிகின்றான். பிரிவதற்கு வழியிருந்தும் நின்றமையே அவனது நிலைக்குப் பெருமை தருகின்றது.

இவ்வளவுகோலால் நோக்கின், எண்ணால் அமைந்த உறவு குறையுடையதே. ஒருவர் விரும்பும் விடைகளை அறிந்து கூறினால் மனநிறைவு எண் உயரும், அன்பு கணக்காகிவிடும். அமர் அய்யார் பொன்னாசை மிக்கவனாயினும் ஹம்சாவிடம் அவன் கொண்ட நட்பு பொன்னால் வாங்கப்பட்டதன்று. ஆட்டத்தை இயற்றியோரும் இக்குறையை ஒருவாறு உணர்ந்துள்ளனர். மூன்றாம் பகுதியில் அடைக்கலம் புகுந்தோரை அழிக்கும் பக்கத்தில் ஆடுபவர் சேர்வாராயின், எண் எத்துணை உயர்ந்திருப்பினும் வில்லும் கார்லாக்கும் அவரை விட்டு நீங்குகின்றனர். எண்ணைக் கடந்து அறத்தொடு நிற்கும் அவ்விடத்தில்தான் அவர்கள் கருவிகளாக அன்றி மாந்தராக விளங்குகின்றனர்.

6. தமிழாக்கச் சிக்கல்கள்

இம்மூன்று பகுதிகளும் இந்திய மொழி எதிலும் வெளியிடப்பெறவில்லை. ஆயினும் ஐதராபாத் இன்று கணினி விளையாட்டுத் தொழில் நிலைகொண்ட நகரமாகும். பின்னாளில் பயோவேரைத் தன்னுடையதாக்கிக்கொண்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பணியகமும் அங்குள்ளது. இத்தகைய ஆட்டங்கள் தமிழுக்கு வருமாயின் மூன்று சிக்கல்கள் எழும்.

முதலாவது, முன்னிலை விளி. ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல்லை வழக்கினால் ஆவது எனத் தொல்காப்பியம் அன்றே குறித்துள்ளது. தலைமாந்தரை முதலில் இகழும் லேசெல், பின்னர் மதிக்கும்போது எச்சொல்லுக்கு மாறுவாள்? மதிப்பு வளர்ந்து ‘நீங்கள்’ ஆகுமா, நெருக்கம் வளர்ந்து ‘நீ’ என்றே நிலைக்குமா? மூலத்தில் எழுதப்படாத ஒரு முடிவை மொழிபெயர்ப்பாளர் எடுக்க நேர்கின்றது.

இரண்டாவது, படர்க்கை வினைமுற்று. தலைமாந்தர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். துணைமாந்தர் தமக்குள் அவரைப்பற்றிப் பேசும்போது ‘அவர் வந்தார்’ என்பது இருபாற்கும் பொருந்தும். ஒரே ஒலிப்பதிவு போதும். ஆனால் நெருங்கிய நட்பில் ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’ என்பனவே இயல்பு. சிக்கனம் கருதி எங்கும் ‘அவர்’ என்று அமைத்தால் நட்பின் வெம்மை குன்றும்.

மூன்றாவது, உறவுமுறைச் சொல். இமோயன் தலைமாந்தரோடு சிறுவயது முதல் ஒன்றாய் வளர்ந்தவள். இருவரும் ஒரே தந்தையின் மக்கள் என்பது இரண்டாம் பகுதியில்தான் வெளிப்படும். தமிழில் அவள் தொடக்கம் முதலே ‘அண்ணா’ என்றோ ‘அக்கா’ என்றோ அழைப்பதே இயல்பு. உடன்பிறவாதாரையும் அவ்வாறு அழைக்கும் வழக்கு நம்மிடம் உண்டாதலின் மறைபொருள் வெளிப்படாது. ஆயின், உண்மை புலப்படும்போது புதுச்சொல் எஞ்சியிராது. அவ்விடத்தின் வியப்பை விளியால் அன்றி வேறு நடையால் காட்ட வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பால்டர்ஸ் கேட் தொடரின் துணைமாந்தர் வகைமாந்தராகத் தொடங்கி, வரலாறுடையோராக வளர்ந்து, தலைமைக்கும் உரியோராயினர் என்பதும், அவர்தம் உயிர்ப்பு இணங்குதலைவிட மறுத்தலிலேயே புலப்படுகின்றது என்பதும் பெறப்படுகின்றன. கூற்றும் கேட்போரும் வகுத்த மரபு இப்புதிய வடிவையும் அளக்க வல்லதாய் உள்ளது. தமிழாக்கம் செய்ய முனைவோர் ஒவ்வொரு துணைமாந்தருக்கும் விளி, வினைமுற்று, உறவுச்சொல் ஆகிய மூன்றையும் காட்டும் அட்டவணையை உரையாடலை மொழிபெயர்க்கும் முன்னரே வகுத்துக்கொள்வது நலம். யார் யாரை எவ்வாறு அழைக்கின்றார் என்பது தெளிவானாலன்றித் தமிழில் நட்பும் இல்லை, பிரிவும் இல்லை.