வெளிநாட்டுக் கம்பெனி, உள்ளூர்ச் சம்பளம்: கையெழுத்துக்கு முன் கணக்குப் பாருங்கள்

கோயம்புத்தூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு பெர்லின் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்களும், மதுரையிலிருந்து பாஸ்டன் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்களும் இன்று சாதாரணமாகத் தென்படுகிறார்கள். நேர்காணல் வீடியோவில் முடிகிறது, ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வருகிறது, கையெழுத்தும் திரையிலேயே போட்டாயிற்று. இந்த வேகத்தில் பலரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தொகையின் உண்மையான மதிப்பை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதை எப்படி நிர்ணயித்தார்கள், காகிதத்தில் முதலாளி யார், எந்த நாணயத்தில் சம்பளம், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்.

சம்பளத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

வேறொரு நாட்டில் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே சம்பளம் தருவது முதல் வழி. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் சான் ஃபிரான்சிஸ்கோ சந்தை நிலவரத்தை அளவுகோலாக வைத்து எல்லா ஊர்க்காரர்களுக்கும் சம்பளம் தருகிறது. ஊழியர் வசிக்கும் ஊரின் வேலைச் சந்தையைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது இரண்டாவது வழி. கிட்லேப் நிறுவனம் இப்படித்தான் செய்கிறது. ஊருக்கு ஊர் மாறும் ஒரு காரணியை வைத்துக் கணக்கிடுவதை அது வெளிப்படையாகவே சொல்கிறது. பஃபர் நிறுவனம் 2013-லேயே தன் ஊழியர்கள் எல்லோருடைய சம்பளத்தையும், அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் பொதுவெளியில் வைத்தது.

பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவது வழியில் போகின்றன. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. என்றாலும் எந்தச் சந்தையை வைத்துக் கணக்கிட்டார்கள், அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு என்ன என்று கேட்பதற்கு விண்ணப்பதாரர் தயங்க வேண்டியதில்லை. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை, வரம்பை முன்கூட்டியே சொல்லச் சொல்வதோடு, பழைய சம்பளத்தைக் கேட்பதையும் தடுக்கிறது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பைக் கேட்டு, அதன்மேல் இவ்வளவு சதவீதம் என்று ஏற்றித் தருவதே இங்கே வழக்கம். அதனால் முதல் வேலையில் குறைவாக வாங்கியவர் அடுத்தடுத்த வேலையிலும் குறைவாகவே வாங்குகிறார். அதே நிறுவனம் நியூயார்க்கில் அதே பதவிக்கு வெளியிட்ட வரம்பைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு பேசினால், பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டு லட்சம், கைக்கு எவ்வளவு?

ஆண்டுக்கு 24 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு ஆஃபர் வருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு லட்சம் என்று மனம் கணக்குப் போடும். பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12 லட்சம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பங்கு 12 சதவீதம் என்றால் 1,44,000. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 57,720. மருத்துவக் காப்பீடு 20,000. 'வேரியபிள்' என்ற பெயரில் ஆண்டு முடிவில் வரலாம், வராமலும் போகலாம் என்ற தொகை 2,40,000. இவற்றைக் கழித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,61,500 நிற்கிறது. அதிலும் ஊழியரின் பி.எஃப். பங்கு 12,000 போகும். புதிய முறையில் வருமான வரி சுமார் 15,000 போகும். கைக்கு வருவது 1,34,000-ஐ ஒட்டித்தான்.

இதில் பி.எஃப். சேமிப்பாக நிற்கும். கிராஜுவிட்டி அப்படியல்ல. நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு முடிக்காமல் விலகினால் அது கிடைக்காது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டே போதும் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு மாற்றியிருக்கிறது.

முதலாளி யார்?

ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கிளை இருந்தால் சிக்கல் குறைவு. கிளை இல்லாதபோது இ.ஓ.ஆர். எனப்படும் இடைநிலை நிறுவனம் இங்கே சட்டப்படி முதலாளியாக இருந்து, பி.எஃப். கட்டி, சம்பளத்திலேயே வரியை (டி.டி.எஸ்.) பிடித்து, அதற்கான சான்றிதழும் தரும். அதற்கான சேவைக் கட்டணத்தை வெளிநாட்டு நிறுவனமே ஏற்கிறதா, அல்லது சி.டி.சி.க்குள் நுழைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

அதிக ஆபத்து மூன்றாவது வகையில் இருக்கிறது. வேலை நேரம், மேலாளர், விடுப்பு அனுமதி எல்லாம் ஊழியருக்கு இருப்பதுபோலவே இருக்கும். காகிதத்தில் மட்டும் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்'. இவருக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் கிடையாது. பெண்களுக்குச் சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பும் கைநழுவும். வரியை அவரே ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தவணைகளில் முன்கூட்டியே கட்ட வேண்டும், தவறினால் வட்டி. ஆகவே ஒப்பந்தக்காரராகச் சேர்பவர், ஊழியருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைகளின் மதிப்பையெல்லாம் கூட்டி, அதற்கு மேல்தான் தொகை கேட்க வேண்டும்.

டாலரா, ரூபாயா?

2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 71 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90-ஐத் தாண்டியது. மாதம் 2,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டவருக்கு 1,42,000 ரூபாய் 1,80,000 ஆனது. அன்றே ரூபாயில் நிர்ணயித்துக்கொண்டவருக்கு அந்த உயர்வு இல்லை. அது நிறுவனத்துக்கு மிச்சம். ரூபாயில்தான் சம்பளம் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை மாற்று விகிதத்தைப் பார்த்துத் திருத்தும் பிரிவை ஒப்பந்தத்தில் கேட்கலாம்.

சம்பளத்தோடு வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகளும் வந்தால், வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அவற்றைக் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். அசையாச் சொத்து நீங்கலாக, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் இந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

சம்பளம் நின்றுவிட்டால்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பள உச்சவரம்பு இல்லாமல் மேலாளர்கள் வரை எல்லா ஊழியருக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தராவிட்டால் மூன்று ஆண்டுக்குள் அதற்கான அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்; பாக்கித் தொகையோடு இழப்பீடும் கிடைக்க வழி உண்டு. தனியாகத்தான் போராட வேண்டும் என்பதும் இல்லை: ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கதவுகள் எளிதில் திறக்காது. வழக்கு அமெரிக்காவின் டெலவேரில்தான் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், இரண்டு மாதப் பாக்கியை வாங்க அதைவிடக் கூடுதலாக வக்கீல் கட்டணம் ஆகிவிடும். அந்த வரியை மாற்றச் சொல்லலாம். மறுத்தால் மாதம் இருமுறை பணம் தரும்படி கேட்டு, நிலுவை சேராமல் பார்த்துக்கொள்ளலாம். அதே ஒப்பந்தத்தில், வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தால், அதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது.

சம்பளம் தருவதற்கு முன்பே லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் தர வேண்டும்.

பி.எஃப். பணம் மாதாமாதம் ஏறுகிறதா என்பதை உமங் செயலியில் பாஸ்புக் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், சம்பள உயர்வு பற்றிய மின்னஞ்சல்களை வந்த அன்றே சொந்தக் கணக்கில் சேமித்துவைப்பது நல்லது. வேலை போகும் நாளில் முதலில் முடக்கப்படுவது அலுவலக மின்னஞ்சல்தான், மனுவோடு இணைக்க வேண்டிய ஆதாரம் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.